ஆளுக்கு ஒரு பிடி சாம்பல்

உட்காருங்க மதினி. அந்த முக்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். பாயிலேயே உட்காருங்க. டீ போடட்டுமா? சீனி இருக்கிறது, பால்தான் இல்லை. வெறும் டீ குடிப்பீங்களா?

எதுக்கு வந்திருக்கீங்க என்று எனக்குத் தெரியும். லைன் வீடுகளின் முனையில் உங்க குடையைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. ஃபேக்டரி பிட்டர் சூசை அண்ணன் வீட்டு மதினி இந்த மழையில் மூணாம் நம்பர் டிவிஷனுக்கு ஏறி வருகிறார் என்றால் வேறு எதற்கு? உள்ளே போய்ப் பாத்திரம் கழுவுகிற மாதிரி இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். கழுவ ஒன்றும் இல்லை. அதனால் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

எனக்குப் பேச வராது மதினி. சின்னதிலிருந்தே அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடும்போது 'உள்ளேன் ஐயா' என்று சொல்லச் சத்தம் வராது. நாலாம் வகுப்பில் பாதி நாள் எனக்கு ஆப்சென்ட் போட்டிருக்கிறார்கள். நான் முன் வரிசையில்தான் உட்கார்ந்திருப்பேன். அதோடு படிப்பும் நின்றுவிட்டது. அதனால் நான் சொல்லுகிறது முன்னே பின்னே இருந்தால் நீங்கதான் சேர்த்துக்கொள்ளணும்.

அண்ணன் சாப்பிடுகிறாரா?

ம்.

கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறாரா? ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தால்கூட வாங்க மாட்டேன் என்கிறாரா? அதைச் சீனித்தாய் அக்கா குழாயடியில் சொன்னாள். நான் நம்பவில்லை. அவள் எதையும் இரண்டு மடங்காக்கித்தான் சொல்லுவாள்.

சரி, சொல்லுகிறேன்.

காப்பகத்தில் நான் ஆயாவாகச் சேர்ந்தது பாப்பா பிறந்த மூணாம் மாசம். பதினாலு பிள்ளைகள். எல்லாம் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர்கள் பிள்ளைகள். காலையில் ஏழரைக்குக் கொண்டுவந்து தொட்டிலில் போட்டுவிட்டு மலைக்குப் போவார்கள். பத்து மணிக்கு ஒரு தடவை, இரண்டரைக்கு ஒரு தடவை பால் கொடுக்க இறங்கி வருவார்கள். அதற்குக் கம்பெனியில் அரைமணி நேரம் உண்டு. என் பிள்ளையும் அங்கேயே, நானும் அங்கேயே. அந்த மாதிரி வேலை யாருக்குக் கிடைக்கும்? எல்லோருக்கும் என்மேல் கொஞ்சம் பொறாமைதான். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

அந்த இரும்பு அடுப்பு மேனேஜர் பங்களாவில் இருந்தது. பங்களாவுக்கு கேஸ் வந்ததும் அதை லாரியில் ஏற்றிக் காப்பகத்துக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். இறக்க எட்டு ஆள். மேலே நாலு வட்ட மூடி, முன்னால் விறகு போட ஒரு கதவு, பின்னால் கூரைக்குப் போகிற புகைக்குழாய். பால் காய்ச்சவும் கஞ்சி வைக்கவும் அதுதான். அதைவிட, ஆடி மழையில் அந்த அறை காய்ந்து கிடக்கும். நனைந்த துணியைக் குழாயைச் சுற்றிப் போட்டால் அரைமணியில் காயும். பதினாலு பிள்ளைகளின் துணி என்றால் யோசித்துப் பாருங்க.

விரிசல் எப்படி விழுந்தது என்று கேட்காதீங்க, அதில் யார்மேலும் தப்பு இல்லை. குழாய் போகிற இடத்தில் கூரை ஒழுகியது. அடுப்பு கனன்றுகொண்டிருக்கும்போது ஒருநாள் மதியம் கூரையில் தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமாக இறங்கியது. 'டப்' என்று ஒரு சத்தம். எல்லாப் பிள்ளையும் ஒரே நேரத்தில் முழித்துவிட்டது. பார்த்தால் முன்தட்டில், கதவு மூலையிலிருந்து கீழே வரைக்கும், ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். விறகு வைத்தால் புகை எல்லாம் அதன் வழியாகத் தொட்டில் பக்கம்தான் வரும்.

களிமண் வைத்துப் பூசினேன். காய்ந்து விழுந்தது. வாட்ச்மேன் சிமெண்ட் பூசினார், அது மூணு நாள் இருந்தது. சீனித்தாய் அக்கா, "புத்து மண்ணுல முட்டை வெள்ளையைப் போட்டுக் குழைச்சு அடிடி, கோட்டைச் சுவரே அப்படித்தான் நிக்குது" என்றாள். எந்தக் கோட்டை என்று கேட்டால் கோபித்துக்கொள்வாள். அதையும் செய்தேன். இரண்டு நாளைக்கு அறை முழுக்க ஆம்லெட் வாசனை. அப்புறம் அதுவும் உதிர்ந்தது.

அந்தச் சமயத்தில்தான் வெல்ஃபேர் மேடம் வந்தார். பிள்ளைகளின் கண்ணெல்லாம் சிவந்திருப்பதைப் பார்த்தார். "இந்தப் புகையில குழந்தைங்களை வைக்கக் கூடாது. மூணு வாரத்துல அடுப்பைச் சரி பண்ணுங்க. இல்லேன்னா இதை மூடிட்டு எல்லாரையும் ஒண்ணாம் நம்பர் காப்பகத்துக்கு மாத்திருவோம்" என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். ஒண்ணாம் நம்பர் இங்கேயிருந்து மூணு மைல். அரைமணி நேரத்தில் போய்ப் பால் கொடுத்துவிட்டுத் திரும்ப முடியுமா? பறந்தால்தான் முடியும். எல்லோருக்கும் அதே பயம். அடுப்பை அணைத்துப்போட்டுவிட்டு ஸ்டவ்வில் பால் காய்ச்சினேன். மூணு வாரம் அந்த அடுப்பில் ஒரு குச்சி எரியவில்லை. அந்த மூணு வாரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க மதினி, அதில்தான் எல்லாம் வந்தது.

அப்புறம்தான் ஃபேக்டரியிலிருந்து அண்ணன் வந்தார்.

வந்ததும் அடுப்பைச் சுற்றி ஒரு நடை நடந்தார். விரல் முட்டியால் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டார், டாக்டர் நெஞ்சில் வைக்கிற மாதிரி. பூசின சிமெண்ட்டைச் சுரண்டிக்கொண்டே, "யாரும்மா இது, அடுப்புக்கு மாவிளக்கு மாவு பிசைஞ்சு வச்சது?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "நீ பேசவே மாட்டியாம்மா? பேசினா கூலியில பிடிச்சுக்குவாங்களா?" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. சத்தம் வரவில்லை.

அவர் வேலை செய்யும்போது பேசிக்கொண்டே செய்வார், இல்லையா? என்னிடம்தான் பேசினார். அங்கே வேறு யாரும் இல்லை, பிள்ளைகள்தான். "இது வார்ப்பு இரும்பும்மா. அடிச்சு வளைக்கிற இரும்பு கிடையாது. இதுக்குக் கோவம் வந்தா வளையாது, உடைஞ்சிரும். சூடாக்குறதும் பைய, ஆற விடுறதும் பைய. அவசரப்பட்டோம்னா ஒட்டின இடத்துக்குப் பக்கத்துலயே புதுசா ஒண்ணு விட்டுரும்." எனக்கு எல்லாம் புரிந்தது மதினி. புரியாமல் நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது. முன்தட்டைக் கழற்றி, விரிசலின் இரண்டு முனையிலும் சின்னதாக ஓட்டை போட்டார், மேற்கொண்டு ஓடாமல் இருக்க. விரிசல் நெடுகப் பள்ளமாக வெட்டிக் காடி எடுத்தார். அதற்கே ஒரு முழு நாள். கோயம்புத்தூரிலிருந்து அதை ஒட்டுவதற்கென்று தனி ராடு வரவழைத்திருந்தார், இரண்டே இரண்டு.

மறுநாள் காலையில் டிராக்டரில், ஒட்டுகிற கேஸ் சிலிண்டர் இரண்டையும் கொண்டுவந்தார். சூடான தட்டை மழையில் ஃபேக்டரிக்கும் இங்கேயும் தூக்கிக்கொண்டு அலைய முடியாது என்று காப்பகத்துக்குப் பின்னால் இருக்கிற விறகுக் கொட்டகையிலேயே வைத்துச் செய்தார். கரிபோட்டுத் தட்டை மங்கிய சிவப்பாக வரும்வரை சூடாக்கினார். ஒரு மணி நேரம். அப்புறம் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒட்டினார். ஒட்டி முடிக்கும்போது எட்டரை. ஃபேக்டரி அடுப்பிலிருந்து இரண்டு சாக்கு சாம்பல், சூடாகவே கொண்டுவந்திருந்தார். அதைக் குழிமாதிரிப் பரப்பி, தட்டை நடுவில் வைத்து, மேலே சாம்பலைக் குவித்து மூடினார். பிள்ளையைத் தூங்க வைத்துப் போர்த்துகிற மாதிரி ஓரமெல்லாம் கையால் தட்டி விட்டார். மேலே ஒரு சாக்கு.

"நாளைக்குக் காலையில நான் வந்து எடுக்குற வரைக்கும் இதுல யாரும் கை வைக்கக் கூடாது. சாம்பல்ல ஒரு பிடி குறையக் கூடாது. பாத்துக்கிறியாம்மா?"

தலையாட்டினேன்.

"வாயால சொல்லு."

"சரிண்ணே."

"ஆங். வாயி இருக்கு."

சொல்லிவிட்டு டிராக்டரில் ஏறிப் போனார். ஃபேக்டரியில் அன்றைக்குக் கொழுந்து உலர்த்துகிற டிரையர் ஓடுகிற நாள், அவர் இல்லாமல் முடியாது.

மதினி, நீங்க ஒண்ணாம் நம்பரில் ஃபேக்டரிப் பக்கம் இருக்கிறீங்க. மலைக்கு ஏறி அட்டைக்கடி பட்டிருக்க மாட்டீங்க. ஆனியும் ஆடியும் இங்கே ஒவ்வொரு செடியிலும் அட்டை. கொழுந்து எடுக்கிறவர்கள் இடுப்பில் ஒரு துணிப்பொட்டலம் வைத்திருப்பார்கள். சிலர் உப்பு வைப்பார்கள், மழையில் அது கரைந்துபோகும். மூக்குப்பொடி விலை அதிகம். சாம்பல்தான் சரி. காய்ந்த சாம்பலைக் காலில் தேய்த்துக்கொண்டால் அட்டை ஏறாது, ஏறினதின் மேல் ஒற்றினால் சுருண்டு விழுந்துவிடும். அந்தச் சாம்பல் எல்லோருக்கும் காப்பகத்து அடுப்பிலிருந்துதான். லைன் வீட்டு அடுப்புச் சாம்பல் மழையில் ஈரம் பிடித்து உதவாது. இரும்பு அடுப்புச் சாம்பல் பொடியாக, மாவு மாதிரி இருக்கும். பத்து மணிக்கு வந்தால் பால் கொடுப்பார்கள், போகும்போது ஆளுக்கு ஒரு பிடி எடுத்துப் பொட்டலத்தில் போட்டுக்கொண்டு போவார்கள். நான் வருவதற்கு முன்னாலிருந்தே அதுதான் வழக்கம்.

மூணு வாரமாக அடுப்பு எரியவில்லை. மூணு வாரமாக ஒருத்தியிடமும் சாம்பல் இல்லை.

அதற்கு முந்தின நாள்தான் எலிசாவின் பிள்ளை மூக்கில் அட்டை போனது. பால் கொடுக்க மடியில் போட்டபோது அவள் கையிலிருந்து ஏறியிருக்கிறது. பிள்ளை தும்முகிறது, தும்முகிறது, மூக்கிலிருந்து ரத்தம். உப்புத்தண்ணீரைக் காட்டி, அட்டை தலையை நீட்டினபோது துணியால் பிடித்து இழுத்தோம். எலிசா அன்றைக்கு முழுக்க மலைக்குப் போகவில்லை.

பத்து மணி ஆயிற்று. எல்லோரும் வந்தார்கள். நான் இரண்டு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு என் பாப்பாவுக்குக் காலால் தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்தேன். சீனித்தாய் அக்கா கால் கழுவப் பின்பக்கம் போனாள். போனவள் அங்கேயிருந்தே கத்தினாள்.

"ஏட்டி, இங்க வந்து பாருங்கடி! கொட்டகையில சாம்பல் மலையாக் குமிஞ்சு கிடக்கு! கதகதன்னு இருக்குடி!"

எல்லோரும் எழுந்து ஓடினார்கள், கல்யாண வீட்டில் பந்தி போட்ட மாதிரி. நானும் பிள்ளைகளைக் கீழே போட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன். சாக்கை எடுத்து ஓரமாகப் போட்டிருந்தார்கள். "மெதுவா அள்ளுங்கடி, உள்ள இரும்பு என்னமோ கிடக்கு, சுட்டுரப் போகுது." "சுட்டா என்ன, மூணு வாரமா அட்டை சப்பின காலு, கொஞ்சம் காயட்டும்." சிரிக்கிறார்கள். சேலையைத் தூக்கிக்கொண்டு காலெல்லாம் பூசுகிறார்கள். எலிசா பொட்டலத்தில் போடவில்லை, முதலில் பிள்ளையின் கழுத்தைச் சுற்றிப் பொட்டு வைக்கிற மாதிரித் தடவினாள்.

நான் சொன்னேன் மதினி. சொல்லவே இல்லை என்று நினைக்காதீங்க. "அக்கா" என்றேன்.

சீனித்தாய் அக்கா திரும்பினாள். காலெல்லாம் வெள்ளையாக, துண்டில் சாம்பல் முடிந்துகொண்டு. "என்னடி புஷ்பகலா?" என்றாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பதிமூணு பேர்.

"ஒண்ணுமில்லக்கா" என்றேன்.

"அப்ப நீயும் ஒரு பிடி எடுத்துக்கோ. ஒண்ணுமில்லன்னு நிக்கா பாரு, மணவறையில நிக்கிற மாதிரி."

எடுத்தேன். அவள் கொடுத்ததை வாங்காமல் இருந்தால் நன்றாக இருக்காது. கையில் வைத்துக்கொண்டே நின்றேன். சூடாக இருந்தது.

ஆளுக்கு ஒரு பிடிதான் மதினி. யாரும் கூடையைக் கொண்டுவந்து அள்ளவில்லை. ஆளுக்கு ஒரு பிடி, அப்புறம் மலையில் நிற்கிற பக்கத்து ஆளுக்கு ஒரு பிடி. இரண்டரைக்கு வந்தபோது இன்னொரு பிடி. மலையில் இருந்தவர்களும் கேட்டு வந்துவிட்டார்கள். பிள்ளை இல்லாதவர்கள்கூட வந்தார்கள். ஒருத்தரையும் குறை சொல்ல முடியாது. நீங்களே அந்த இடத்தில் இருந்திருந்தால் எடுத்திருப்பீங்க.

எல்லோரும் போனபிறகு போய்ப் பார்த்தேன். தட்டின் ஒரு மூலை வெளியே தெரிந்தது. கொட்டகைக்குச் சுவர் கிடையாது, சாரல் அடித்துக்கொண்டிருந்தது. சாக்கை எடுத்துப் போடலாம் என்று குனிந்தேன். அப்போதுதான் சத்தம் கேட்டது. முன்னால் விழுந்த விரிசல் மாதிரி 'டப்' என்று இல்லை. சன்னமாக, 'டிங்' என்று. பித்தளை டம்ளரை வைத்த மாதிரி. நல்ல சத்தம்தான் அது. வேறு நேரமாக இருந்தால் எங்கேயிருந்து வருகிறது என்று தேடிப் போயிருப்பேன்.

எனக்கு என்ன தோன்றியது என்று கேட்கிறீங்களா? ஒன்றும் தோன்றவில்லை. உள்ளே ஒரு பிள்ளை அழுதது. போய்த் தூக்கினேன்.

அப்புறம் ஒரு வேலை செய்தேன். அதை இதுவரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை.

பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு இங்கே வீட்டுக்கு வந்தேன். வீட்டு அடுப்புச் சாம்பலை வாளியில் அள்ளினேன். போதவில்லை. லைனுக்குப் பின்னால் எல்லோரும் சாம்பல் கொட்டுகிற குழி இருக்கிறது, அதில் மேலாக ஈரமில்லாததாகப் பார்த்து இன்னொரு வாளி. இரண்டு நடை நடந்தேன். கொண்டுபோய்க் கொட்டி, அண்ணன் குவித்த மாதிரியே குவித்தேன். ஓரமெல்லாம் கையால் தட்டிவிட்டேன். மேலே சாக்கைப் போட்டேன், அவர் போட்டிருந்த மாதிரியே, தைத்த பக்கம் கீழே வருகிற மாதிரி. எனக்கே எது அவர் போட்டது, எது நான் போட்டது என்று தெரியவில்லை. அவ்வளவு சரியாக வந்திருந்தது.

ஒரு பிடி குறையக் கூடாது என்று சொல்லியிருந்தார் இல்லையா? குறையவில்லை.

மறுநாள் காலையில் அண்ணன் வந்தார். வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தார். "என்னம்மா, நம்ம பிள்ளை நல்லாத் தூங்குச்சா?" என்றார். மண்டி போட்டு உட்கார்ந்து, சாக்கை எடுத்துச் சாம்பலுக்குள் கையை விட்டார். விட்ட கையை அப்படியே வைத்திருந்தார். என்ன யோசித்தாரோ, "சீக்கிரம் ஆறிருச்சே" என்று மட்டும் சொன்னார். தட்டை வெளியே எடுத்துத் துணியால் துடைத்தார். வெயிலே இல்லை, இருந்தாலும் வெளிச்சத்துக்குத் திருப்பினார். அவர் ஒட்டின தையல் அழகாக இருந்தது மதினி, உருட்டி உருட்டிக் கோத்த மாதிரி. அதற்கு ஒரு விரல் தள்ளி, புதிதாக ஒன்று. மயிர் மாதிரி. மேலேயிருந்து கீழே வரைக்கும்.

விரலால் தட்டினார். சத்தம் செத்துப்போயிருந்தது.

தட்டை மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் என்னைப் பார்த்தார். "நல்லா மூடித்தானேம்மா இருந்துச்சு? நான் போட்டது போட்டபடி இருந்துச்சுல்ல?"

"ஆமாண்ணே" என்றேன்.

அன்றைக்கு எனக்குச் சத்தம் நன்றாக வந்தது.

அதற்குள் மேனேஜர் ஜீப் வந்துவிட்டது. கூடவே வெல்ஃபேர் மேடம். மேனேஜர் தட்டை வாங்கிப் பார்த்தார். "முப்பது வருஷ பிட்டர் செய்யுற வேலையாய்யா இது? காலையிலேயே ஊத்திட்டு வந்துதான் ஒட்டினியா?" என்றார். எல்லோரும் நின்றார்கள், பத்து மணி ஆகியிருந்தது, பால் கொடுக்க வந்திருந்தார்கள். எல்லோர் காலிலும் சாம்பல். மேனேஜர் எங்களைப் பார்த்துத் திரும்பி, "நீங்க யாராவது இதைத் தொட்டீங்களா?" என்று கேட்டார். யாருமே தட்டைத் தொடவில்லை மதினி. அது உண்மை. சாம்பலைத்தான் தொட்டார்கள். சாம்பலுக்கும் தட்டுக்கும் என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. அண்ணன் என்னிடம் மட்டும்தானே சொன்னார்.

"ஆயா, நீ?" என்றார்.

தலையை ஆட்டினேன், இல்லை என்று. வாயால் ஒன்றும் சொல்லவில்லை. தலை ஆட்டுகிறது சொன்ன கணக்கில் வராது, இல்லையா?

அண்ணன்தான் பேசினார். "யாரையும் கேக்காதீங்க சார். சாம்பல் அப்படியேதான் இருந்துச்சு. என் கைதான். தையல் போடும்போது சூடு விட்டுருச்சு போல. எனக்கே தெரியாம நடுங்கியிருக்கு." சொல்லிவிட்டுத் தன் கையைப் பார்த்தார். அதுவரைக்கும் அந்தக் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. அப்போது நடுங்கியது.

அவர் மேனேஜரிடம் எதிர்த்து ஏதாவது பேசியிருந்தால் நானும் பேசியிருப்பேனோ என்னவோ. அவரே ஒப்புக்கொண்டபிறகு நடுவில் போய் நான் என்ன சொல்ல? பெரியவர் பேச்சுக்கு மறுப்புச் சொன்ன மாதிரி ஆகாதா?

கெடு முடிந்தது, காப்பகத்தை மூடினார்கள். இப்போது பிள்ளைகள் எல்லாம் உங்க பக்கம், ஒண்ணாம் நம்பரில். எலிசா வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். சீனித்தாய் அக்கா பிள்ளையை விடியக்காலையில் மூணு மைல் தூக்கிக்கொண்டு போய் விடுகிறாள், சாயந்திரம் போய் எடுக்கிறாள். நடுவில் பால் கிடையாது. மலையில் நிற்கும்போது ரவிக்கை நனைந்து போகிறது, ஓரமாகப் போய்ப் பாறையில் பீச்சிவிட்டு வருகிறாள். குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு, "அந்தப் பிட்டர் கை விளங்காமப் போக. ஒரு அடுப்பை ஒட்டத் தெரியாதவனுக்குச் சம்பளம் ஒரு கேடு" என்று அவரைத் திட்டாத நாள் இல்லை.

"ஆமாக்கா" என்பேன் நான். தண்ணீர் பிடிக்கணுமே.

என்னைக் கொழுந்துக்கு மாற்றிவிட்டார்கள். பாப்பாவைப் பக்கத்து வீட்டுக் கிழவரிடம் விட்டுவிட்டுப் போகிறேன், அவருக்குக் கண் சரியாகத் தெரியாது, ஆனால் பொறுமையாக இருப்பார். இன்றைக்குப் பாப்பாவுக்குக் காய்ச்சல் என்பதால்தான் நான் வீட்டில் இருக்கிறேன். எனக்குப் பால் வற்றிவிட்டது. போன மாசம் ஒருநாள் காலையில் பார்த்தேன், இல்லை. நர்ஸ் மாவுப்பால் எழுதிக் கொடுத்தார். பாப்பாவும் அதைக் குடிக்கிறாள். எனக்கு வருத்தமா என்று நர்ஸ் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை என்றேன்.

மாசக் கடைசிக்குள் உங்களை வீடு காலி பண்ணச் சொல்லியிருக்கிறார்களா? வேலைக்குப் போகாவிட்டால் வீடு கிடையாதுதான், இங்கே சட்டம் அப்படி. அண்ணனே எழுதிக் கொடுத்துவிட்டாரா? 'என்னால் முடியாது, கை போய்விட்டது' என்றா? அட.

நீங்க அழாதீங்க மதினி. அழுதால் எனக்கு என்ன செய்வது என்று தெரியாது.

சொல்லிவிட்டேன் இல்லையா? இவ்வளவு நான் யாரிடமும் பேசினதில்லை. கல்யாணமாகி மூணு வருஷத்தில் இவரிடம்கூட இவ்வளவு பேசினதில்லை. தொண்டை வலிக்கிறது. இனி நீங்க போய் அண்ணனிடம் சொல்லிக்கொள்ளலாம். கை நல்ல கைதான், சாம்பல்தான் குறைந்துபோயிற்று என்று சொல்லுங்க. அது போதும் அவருக்கு, இல்லையா? யார் எடுத்தது என்று கேட்டால் நாய் கிளறிவிட்டது என்று சொல்லிடுங்க. கொட்டகைக்குச் சுவர் இல்லை, நாய் வரும். நம்புவார்.

நானா? ஆபீசுக்கா?

நான் வந்து என்ன சொல்ல? மேனேஜர் முன்னால் நின்றால் எனக்குச் சத்தம் வராது. அதோடு நான் சொன்னால் முதலில் கேட்பது, யார் யார் எடுத்தது என்றுதான். பதிமூணு பேர் பேரைச் சொல்லணும். அப்புறம் குழாயடிக்கு எப்படிப் போவேன்? நான் யாரையும் ஒரு வார்த்தை சொன்னவள் இல்லை மதினி. இத்தனை வருஷத்தில் என் வாயால் யாருக்கும் ஒரு கெடுதல் வந்ததில்லை. வேண்டுமானால் இந்த லைனில் யாரையும் கேட்டுப் பாருங்க.

அப்படிப் பார்க்காதீங்க.

கிளம்பிட்டீங்களா? டீ அப்படியே இருக்கிறதே. சரி, மழை கொஞ்சம் விட்டிருக்கிறது, இப்போதே இறங்கினால் சரியாக இருக்கும். இவர் சாப்பாட்டுக்கு வருகிற நேரம். சீனித்தாய் அக்காவும் இந்த வழியாகத்தான் வருவாள். வழியில் யாராவது எங்கே போய்விட்டு வருகிறீங்க என்று கேட்டால், பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டுப் பார்க்க வந்ததாகச் சொல்லிடுங்க.

இருங்க மதினி. நீங்க வந்ததிலிருந்து பாப்பாவைப் பார்க்கவே இல்லை. அதோ, முழித்துத்தான் படுத்திருக்கிறாள். ஒருதரம் தூக்குங்க. கை ஈரமாக இருந்தாலும் பரவாயில்லை.

தூக்கிட்டீங்கன்னா, பார்க்க வந்தேன் என்கிறது பொய்யாகாது.